ஆள் எங்கே? நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கு நேர்ந்தது

ஆட்கொணர்வு மனு ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது, அவருடைய மனைவியோ அப்பாவோ ஒரு வக்கீலைப் பார்த்து உயர் நீதிமன்றத்தில் மனு போடுகிறார்: ஆள் எங்கே, எந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கிறீர்கள், அந்த உத்தரவைக் காட்டுங்கள். அவ்வளவுதான் கேள்வி. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்ற பக்கமே அது போகாது. பிடித்து வைத்திருப்பவர் தன் கையில் உள்ள காகிதத்தை ஒரு நீதிபதியிடம் காட்ட வேண்டும், அந்தக் காகிதம் சட்டப்படி செல்லுமா என்று நீதிபதி பார்ப்பார். கோர்ட் வட்டாரத்தில் இன்றும் 'எச்.சி.பி. (ஹேபியஸ் கார்பஸ் பெட்டிஷன்) போட்டாச்சா' என்று தினமும் காதில் விழும் சொல் அது.

1976 ஏப்ரல் 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலை நீடிக்கும் வரை இந்தக் கேள்வியோடு எந்தக் கோர்ட்டுக்கும் யாரும் வர முடியாது என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அப்படிச் சொன்னார்கள், ஒருவர் மறுத்தார். ஏ.டி.எம். ஜபல்பூர் எதிர் சிவகாந்த் சுக்லா என்பது வழக்கின் பெயர். சுக்லா ஜபல்பூரில் மிசாவில், அதாவது விசாரணை இல்லாமல் ஆளைக் காவலில் வைக்க வழி செய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், பிடித்து வைக்கப்பட்டவர். ஏ.டி.எம். என்பது அந்த ஊரின் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட். சுக்லாவின் மனுவை விசாரிக்கலாம் என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் சொன்னதை எதிர்த்து அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது, அதனால்தான் அதிகாரியின் பெயர் முன்னால் நிற்கிறது.

இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் நான்கு பேர் பயந்தார்கள், ஒருவர் பயப்படவில்லை என்று முடித்துவிடுகிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கு அது போதவில்லை. இவ்வளவு சின்ன ஒரு கேள்வியைக்கூடக் கேட்க முடியாமல் போனது எப்படி, அதற்கு எத்தனை கைகள் உதவின, அதைக் காப்பாற்ற யார் யார் முயன்றார்கள் என்று படிப்படியாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பயம் எங்கிருந்து வந்தது

ஒன்றுமே இல்லாத இடத்தில் பயத்தைக் கிளப்பினார்கள் என்று சொன்னால் கதை சுலபமாகிவிடும். அப்படி இல்லை. குஜராத்திலும் பீகாரிலும் மாணவர் போராட்டம் ஆட்சியை ஆட்டியது, 1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது, 1975 ஜனவரியில் ரயில்வே அமைச்சர் எல்.என். மிஸ்ரா சமஸ்திபூரில் குண்டு வெடிப்பில் சிக்கி இறந்தார். விலைவாசி மக்களை வாட்டியது. ஜெயப்பிரகாஷ் நாராயண், சட்டத்துக்குப் புறம்பான உத்தரவுகளுக்குப் போலீஸும் ராணுவமும் கீழ்ப்படிய வேண்டாம் என்று பேசினார். நாட்டில் ஏதோ கைமீறிப் போகிறது என்ற எண்ணம் சாதாரண மக்களிடமும் இருந்தது.

இதற்கு நடுவில் 1975 ஜூன் 12 அன்று, பிரதமர் இந்திரா காந்தி 1971இல் ரேபரேலியில் வென்றது செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். ராஜ் நாராயண் போட்ட தேர்தல் வழக்கு அது. ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நாடாளுமன்றத்துக்குப் போகலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது என்ற நிபந்தனையோடு தடை கொடுத்தார். அடுத்த நாள் இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். காரணம் 'உள்நாட்டுக் குழப்பம்'. நாட்டைப் பற்றிய பயமும் நாற்காலியைப் பற்றிய பயமும் அந்த ஒரே கையெழுத்தில் கலந்தன. வெளியில் இருந்து பார்க்கும் யாராலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, பிரித்துக் கேட்கவும் அனுமதி இல்லை. அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் விஷயம் தெரியும்.

மூன்று காகிதங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் உரிமை பறிபோனது இங்கேதான். முதல் காகிதம் ஜூன் 25 பிரகடனம். இரண்டாவது, ஜூன் 27 அன்று அரசமைப்பின் 359ஆவது பிரிவின் கீழ் வந்த குடியரசுத் தலைவர் உத்தரவு: 14, 21, 22 ஆகிய பிரிவுகளில் உள்ள உரிமைகளை (சட்டத்தின் முன் சமத்துவம், உயிரும் சுதந்திரமும், கைதில் பாதுகாப்பு) கேட்டு யாரும் நீதிமன்றம் போக முடியாது என்றது. உரிமை ரத்து என்று அதில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள், அதைக் கேட்டு வாசல் ஏறும் வழிக்கு மட்டும் தடை. மூன்றாவது, ஜூன் 29 அன்று மிசா சட்டத்தில் அவசரச் சட்டம் மூலம் செருகிய 16ஏ பிரிவு: நெருக்கடி நிலையைச் சமாளிக்க இந்தக் காவல் தேவை என்று அதிகாரி ஓர் அறிவிப்பு எழுதிவிட்டால், ஏன் பிடித்தோம் என்று பிடிபட்டவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அந்தப் பிரிவு இன்னும் இறுக்கப்பட்டது, காரணங்கள் அரசு ரகசியம், கோர்ட்டுக்கும் காட்டக் கூடாது என்ற அளவுக்கு.

மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சட்டப் பிரிவைக் காட்டும், ஒவ்வொன்றிலும் முறையான கையெழுத்து இருக்கும். சேர்த்து வைத்தால் ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு போய், ஏன் என்று அவருக்கும் சொல்லாமல், அவர் வீட்டுக்கும் சொல்லாமல், நீதிபதிக்கும் சொல்லாமல் வைத்திருக்க முடியும்.

வைத்திருந்தார்கள். நெருக்கடி நிலையில் நடந்த அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பின்னால் கணக்கெடுத்தபோது, மிசாவில் மட்டும் 34,988 பேர், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேர் என்று வந்தது. அந்தக் கமிஷன் முன்னால் வெளிவந்த ஒரு விஷயம் எனக்கு மறக்கவே இல்லை. டில்லியில் காவல் உத்தரவுகளில் கையெழுத்து முதலில் விழுந்திருக்கிறது, பெயர் பிறகு நிரம்பியிருக்கிறது. ஆளைப் பிடித்துச் சிறையில் போட்ட பிறகு உட்கார்ந்து காரணம் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை ஒரு நீதிபதி ஒரே ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்திருந்தால், தேதி முன்பின்னாக இருப்பதே போதும், உத்தரவு நின்றிருக்காது. அதனால்தான் அதை யாரும் பார்க்கக் கூடாது என்று அவ்வளவு பிடிவாதம்.

உயர் நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி

பலர் மறந்துவிடும் பகுதி இது. நாடு முழுக்க நீதிமன்றங்கள் வாய் மூடிக் கிடக்கவில்லை. ஒன்பது உயர் நீதிமன்றங்கள், மனுவை நாங்கள் விசாரிப்போம் என்றன. அவை புரட்சி எதுவும் செய்துவிடவில்லை, நெருக்கடி நிலை செல்லாது என்று சொல்லவில்லை, கைதான எல்லோரையும் விடு என்றும் சொல்லவில்லை. குடியரசுத் தலைவர் உத்தரவு இருக்கட்டும், மிசா சட்டமும் இருக்கட்டும், ஆனால் நீங்கள் போட்ட உத்தரவு அந்த மிசா சட்டத்துக்காவது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை என்றன. நாடாளுமன்றம் கொடுத்த அதிகாரத்தை அதிகாரி தாண்டினாரா என்று மட்டும் பார்ப்பது. அதைவிட அடக்கமாக ஒரு நீதிமன்றம் நடந்துகொள்ள முடியாது.

டில்லியில் நடந்ததைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரை 1975 ஜூலையில் கைது செய்தார்கள். அவர் மனைவி பாரதி நய்யார் ஆட்கொணர்வு மனு போட்டார், வி.எம். தார்க்குண்டே வாதாடினார். நீதிபதிகள் எஸ். ரங்கராஜன், ஆர்.என். அகர்வால் கேட்ட கேள்விகளிலிருந்து தீர்ப்பு எந்தப் பக்கம் போகும் என்று அரசுக்குப் புரிந்துவிட்டது. தீர்ப்பு வருவதற்கு முன்பே நய்யாரை விட்டுவிட்டார்கள். ஆள் வெளியே வந்துவிட்டார், இனிமேல் வழக்கு எதற்கு என்பது அரசு வாதம். சௌகரியமான வழி அது, கோப்பை மூடிவிட்டு அடுத்த வழக்கை எடுத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு நீதிபதிகளும் அப்படிச் செய்யவில்லை. செப்டம்பர் மாதம் தீர்ப்பை வாசித்தார்கள், அந்தக் கைது சட்டப்படி நிற்காது என்று எழுதி வைத்தார்கள்.

அதற்குக் கொடுத்த விலை: ரங்கராஜன் குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டார். அகர்வால் உயர் நீதிமன்றத்தில் நிரந்தரம் ஆக்கப்படாமல் செஷன்ஸ் நீதிபதியாகக் கீழே அனுப்பப்பட்டார். 1976இல் மொத்தம் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகளை அவர்கள் சம்மதம் கேட்காமல் ஊர் மாற்றினார்கள். வாஜ்பாய், அத்வானி முதலானோர் பெங்களூரில் கைதாகி அங்கே மனு போட்டிருந்தார்கள், அதைக் கேட்ட கர்நாடக நீதிபதிகளும் அந்த மாற்றல் பட்டியலில் இருந்தார்கள். மனுவை ஏற்றுக்கொள்ளும் நீதிபதிக்கு என்ன நேரும் என்பது நாட்டில் எந்த நீதிபதிக்கும் புரியாத விஷயமாக இல்லை. ஏற்கனவே 1973இல் ஷெலத், ஹெக்டே, குரோவர் என மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதி ஆகியிருந்தார், அந்தப் பாடமும் எல்லோருக்கும் நினைவில் இருந்தது.

முதல் இருக்கைக்கு அடுத்தவர் கேட்ட கேள்வி

1975 டிசம்பரில் விசாரணை தொடங்கியது. தலைமை நீதிபதி ரே, எச்.ஆர். கன்னா, எம்.எச். பெக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி. அரசுக்கு அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. எதிர்த்தரப்பில் சாந்தி பூஷண், தார்க்குண்டே, சோலி சொராப்ஜி, ராம் ஜெத்மலானி என்று பெரிய வரிசை.

டேயின் வாதம் நேரானது. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அரசமைப்பில் இருக்கும் ஒரே இடம் 21ஆவது பிரிவு. அதைக் கேட்டுக் கோர்ட்டுக்கு வரக் கூடாது என்று உத்தரவு வந்தாகிவிட்டது. ஆகவே வருவதற்கு வழியே இல்லை. கன்னா குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால், அப்போதும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? 21ஆவது பிரிவில் சுதந்திரம் மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறதே. டே ஒளிக்கவில்லை. என் வாதத்தின்படி நெருக்கடி நிலை இருக்கும் வரை பரிகாரம் இல்லை, இது உங்கள் மனசாட்சியை உலுக்கலாம், என் மனசாட்சியையும் உலுக்குகிறது என்ற பொருளில் பதில் சொன்னார்.

அந்தப் பதிலைக் கேட்டவுடன் மற்ற நான்கு பேரும் வாதத்தின் அஸ்திவாரத்தையே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு வாதம் உங்களை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது என்றால், எங்கோ முதல் படியிலேயே தப்பு இருக்கிறது என்று அர்த்தம். கணக்குப் போடும் குழந்தைகூட விடை விபரீதமாக வந்தால் திரும்ப முதல் வரிக்குப் போகும். அவர்கள் போகவில்லை.

தீர்ப்பு என்ன சொன்னது

பெரும்பான்மைத் தீர்ப்பின் கடைசி வரிகளை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். காவல் உத்தரவு மிசா சட்டத்தின்படி இல்லை என்றோ, சட்டவிரோதம் என்றோ, கெட்ட எண்ணத்தில் போடப்பட்டது என்றோ, சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் போடப்பட்டது என்றோ சொல்லி, 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் வர யாருக்கும் தகுதி இல்லை. கெட்ட எண்ணம் என்பதையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். அதாவது பக்கத்து வீட்டுக்காரரோடு வரப்புத் தகராறு, அவருக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் உங்களை மிசாவில் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதையும் சொல்ல முடியாது. அதே பெயருள்ள வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள், அதையும் சொல்ல முடியாது.

நான்கு பேரும் 1941இல் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கொடுத்த லிவர்சிட்ஜ் தீர்ப்பின் வழியில் போனார்கள். அமைச்சருக்குச் சந்தேகம் இருந்தால் போதும், அது நியாயமான சந்தேகமா என்று கோர்ட் கேட்காது என்பது அந்தத் தீர்ப்பு. அதில் அட்கின் பிரபு மட்டும் தனியாக மறுத்து எழுதினார், காலப்போக்கில் சட்டம் அவர் பக்கம்தான் வந்து சேர்ந்தது. 1979இல் அதே சபையில் டிப்ளாக் பிரபு அந்தப் பெரும்பான்மை தவறு என்று சொன்னார். அமெரிக்காவிலும் இதே கதைதான்: போர்ப் பயத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களில் அடைத்ததற்குத் துணைபோன 1944ஆம் ஆண்டு கொரமட்சு தீர்ப்பு 6க்கு 3, அங்கேயும் மறுத்தவர்களைத்தான் பின்னால் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள், 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தது. பயம் இருக்கும்போது எழுதிய தீர்ப்பைப் பயம் போன பிறகு திருத்துகிறார்கள், உள்ளே இருந்தவருக்கு அந்த வருடங்கள் திரும்புவதில்லை.

நீதிபதி பெக் தீர்ப்பில் ஒரு வாக்கியம் இருக்கிறது. காவலில் இருப்பவர்களுக்கு நல்ல இடம், நல்ல சாப்பாடு கிடைக்கிறது, நன்றாக நடத்தப்படுகிறார்கள், அரசு அவர்கள் மேல் காட்டும் அக்கறை கிட்டத்தட்ட ஒரு தாயின் அக்கறை என்ற பொருளில் எழுதினார்.

அதே சமயம் சென்னை மத்திய சிறையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதுவரை வடக்கே தேடப்பட்டவர்கள் பலர் இங்கே வந்து மூச்சுவிட முடிந்தது, அன்றோடு அது முடிந்தது. உடனே தி.மு.க., திராவிடர் கழகம், மார்க்சிஸ்ட் கட்சி என்று பலரை மிசாவில் அள்ளினார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் சிறைக்குள் அவர்கள் மேல் அடி விழுந்தது. மு.க. ஸ்டாலின், ஆற்காடு வீராசாமி, முன்னாள் மேயரும் செங்கல்பட்டு எம்.பி.யுமான சிட்டிபாபு எல்லோரும் அந்த அடியில் சிக்கியவர்கள். ஸ்டாலினுக்கு விழ வேண்டிய அடியைச் சிட்டிபாபு தன் உடம்பில் வாங்கிக்கொண்டார் என்று கட்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். உடம்பு தேறாமலே 1977 ஜனவரியில் அவர் இறந்தார். நெருக்கடி நிலை போன பிறகு நீதிபதி எம்.எம். இஸ்மாயில் கமிஷன் விசாரித்து, அடி விழுந்தது உண்மை என்று பதிவு செய்தது.

தேதியைப் பாருங்கள். அடி விழுந்தது பிப்ரவரி, தாயின் அக்கறை என்று எழுதியது ஏப்ரல். பெக்கிடம் யாராவது பொய் சொன்னார்களா, அவரே நம்பிவிட்டாரா என்பது எனக்கு முக்கியம் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று நீதிபதிக்குத் தெரிய இருந்த ஒரே வழி அந்த மனுதான். அதை அடைத்துவிட்டு, உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினார். எட்டிப் பார்க்கும் ஜன்னலைச் சாத்தியவர் அறை வெளிச்சமாக இருக்கிறது என்று சான்று கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கன்னா எழுதியது

கன்னாவின் மறுப்பு நீளமானது, ஆனால் மையம் எளிது. உயிரும் சுதந்திரமும் அரசமைப்புச் சட்டம் கொடுத்த பரிசு இல்லை. 21ஆவது பிரிவு எழுதப்படுவதற்கு முன்பே, சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒருவரின் உயிரை எடுக்கவோ அடைத்து வைக்கவோ அரசுக்கு உரிமை இல்லை. அந்தப் பிரிவையே நிறுத்தி வைத்தாலும் அந்தக் கட்டுப்பாடு நிற்கும். இல்லையென்றால் சட்டம் ஆளும் நாட்டுக்கும் சட்டமே இல்லாத நாட்டுக்கும் என்ன வித்தியாசம்?

இது ஏதோ உணர்ச்சிவசப்பட்ட பேச்சு இல்லை, நல்ல சட்ட வாதம். நெருக்கடி நிலையில் அரசுக்கு அதிக அதிகாரம் வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. எவ்வளவு அதிகாரம் கொடுத்தாலும் அதற்கு ஒரு வரம்பு சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, அந்த வரம்பைத் தாண்டினார்களா என்று பார்க்க ஒருவர் வேண்டும் என்றார். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொன்ன அதே அடக்கமான விஷயம். கடைசி நீதிமன்றத்தில் எழுதும் மறுப்பு, எதிர்காலத்தின் அறிவுக்குச் செய்யும் முறையீடு என்று அமெரிக்க நீதிபதி சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் சொன்னதை எடுத்துக்காட்டி முடித்தார்.

தீர்ப்புக்குச் சில நாள் முன்பு ஹரித்வாரில் கங்கைக் கரையில் உட்கார்ந்து, தலைமை நீதிபதி பதவியை எனக்கு இல்லாமல் ஆக்கப் போகும் தீர்ப்பு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன் என்று குடும்பத்தாரிடம் சொன்னதாக அவரே பின்னால் எழுதினார். அப்படியே ஆயிற்று. 1977 ஜனவரியில் மூப்புப்படி அவர் தலைமை நீதிபதி ஆகியிருக்க வேண்டும், அவருக்கு இளையவரான பெக்கை நியமித்தார்கள். கன்னா ராஜினாமா செய்துவிட்டுப் போனார். சந்திரசூட்டும் பகவதியும்கூடப் பின்னால் தலைமை நீதிபதி ஆனார்கள்.

திருத்தியதும் திருத்தாததும்

1977 மார்ச் தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார், மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. ஜனதா அரசு மிசாவை ரத்து செய்தது, 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தை எழுதியவர்கள் ஒவ்வொரு காயத்தையும் பார்த்துப் பார்த்து மருந்து வைத்தார்கள் என்று சொல்லலாம். அமைச்சரவைக்குத் தெரியாமல் பிரகடனம் வந்ததல்லவா, இனி அமைச்சரவையின் முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற, எதை வேண்டுமானாலும் உள்ளே போடக்கூடிய சொல் போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 20, 21 ஆகிய பிரிவுகளை எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது. நிரேன் டே சொன்ன அந்தப் பதிலை இனி எந்த அட்டர்னி ஜெனரலும் சொல்ல முடியாது.

தீர்ப்பு மட்டும் ஏட்டில் 41 வருடம் அப்படியே கிடந்தது. பகவதி 2011இல் தன் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை வெளிப்படையாக ரத்து செய்தது. பெரும்பான்மை நீதிபதிகளின் தீர்ப்புகள் மிகப் பெரிய பிழை கொண்டவை, கன்னா சொன்னதே சரி என்று எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், அந்த நால்வரில் ஒருவரின் மகன்.

ஆனால் இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. அதே 44ஆவது திருத்தத்தில் 3ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காவல் உத்தரவைப் பரிசீலிக்கும் ஆலோசனைக் குழுவின் கருத்து இல்லாமல் தடுப்புக் காவலில் வைக்கும் காலத்தைக் குறைத்து, அந்தக் குழுவை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கச் சொல்லும் பிரிவு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை எந்த மத்திய அரசும் இதுவரை வெளியிடவில்லை. எத்தனையோ கட்சிகள் ஆண்டுவிட்டன, அவற்றில் மிசாவில் அடைபட்டவர்கள் அமைச்சர்களாகவும் பிரதமராகவும் இருந்த ஆட்சிகளும் உண்டு. 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் இதைக் கேட்டபோது, அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு இது மிகவும் வேதனையான விஷயம். பயம் போன பிறகு, நிதானமாக உட்கார்ந்து செய்ய வேண்டிய ஒரே வேலை, அதையும் பாதியில் விட்டுவிட்டோம்.

தடுப்புக் காவல் அரசமைப்பிலேயே இருக்கிறது, 1980இன் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டில் 1982 முதல் குண்டர் சட்டம் இருக்கிறது. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை வைக்கலாம். சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றத்தில் இந்த எச்.சி.பி. வழக்குகள் நடப்பதைப் பார்த்திருந்தால் தெரியும், உத்தரவு பெரும்பாலும் விழுவது எதனால் என்று. கொடுத்த நகலில் எழுத்தே தெரியவில்லை, அவருக்குத் தெரிந்த மொழியில் கொடுக்கவில்லை, அவர் அனுப்பிய முறையீட்டை இத்தனை நாள் பரிசீலிக்காமல் வைத்திருந்தார்கள். இதெல்லாம் நுணுக்கக் காரணம், இதை வைத்து ஆளை விடுவதா என்று பலர் கோபப்படுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1976இல் அடைபட்டது இந்த நுணுக்கங்களைக் கேட்கும் வழிதான். நகல் தெரியவில்லை என்று ஒரு வக்கீல் எழுந்து சொல்ல முடிகிற வரைக்கும்தான், பெயர் பிறகு நிரப்பிய உத்தரவு ஒன்று மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக ஒரு மனு

உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்காக வழக்கு காத்திருந்த நாட்களில், 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படித்த ராஜன் என்ற மாணவனைப் போலீஸ் கூட்டிப் போனது. அதற்குச் சற்று முன்புதான் காயண்ணா போலீஸ் நிலையம் தாக்கப்பட்டிருந்தது, அதற்காகக் கக்கயம் என்ற இடத்தில் முகாம் போட்டு இளைஞர்களைக் கொண்டுபோய் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். உலக்கை மாதிரி உருட்டுக்கட்டையைத் தொடை மேல் வைத்து உருட்டுவது அங்கே நடந்த விசாரணை முறை. ராஜன் விஷயத்தில் மிசா உத்தரவு என்ற காகிதம்கூட இல்லை. கேட்க ஆள் இல்லை என்றானபின் காகிதம் எதற்கு?

அப்பா டி.வி. ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். முகாமுக்குப் போனார், உள்ளே விடவில்லை. அதிகாரிகளைப் பார்த்தார், உள்துறை அமைச்சர் கருணாகரனைப் பார்த்தார், முதல்வர் அச்சுத மேனனைப் பார்த்தார், மனு எழுதினார், திரும்பத் திரும்ப எழுதினார். ஒரு வருடத்துக்கு மேல் யாரும் பதில் சொல்லவில்லை.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை நீங்கியது. நான்காம் நாள், மார்ச் 25 அன்று, வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அதே நாளில்தான் கருணாகரன் முதல்வராகப் பதவியேற்றார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசுத் தரப்பு பிரமாணம் தாக்கல் செய்தது. நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும் சாட்சிகளை அழைத்துக் கேட்டார்கள். கூட்டிப் போனதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். ஏப்ரல் 13 அன்று, ராஜனைப் போலீஸ் பிடித்துப் போனது உண்மை, அவரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மனு போட்டு 19 நாள். ஏப்ரல் 25 அன்று கருணாகரன் பதவி விலகினார். ராஜன் காவலில் இறந்துவிட்டதை அரசு பிறகு ஒப்புக்கொண்டது. உடல் கிடைக்கவே இல்லை.